டொக்டர் கேட்டது உம்மாவிடம்



உம்மாவுக்கு இரண்டு மாதமாக வலது காதில் வலி. பாமசியில் மருந்து வாங்கிக் காதுக்கு விட்டுப் பார்த்தோம், குறையவில்லை. போன கிழமை காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார். உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பிள்ளைகள் நாங்கள் இருவரும்தான் பதில் சொன்னோம். விழுங்கும்போது நோகுதா? இல்லை. குரல் மாறியதா? இல்லை. கழுத்தில் கட்டி? இல்லை. வெற்றிலை போடுவாரா? எப்போதாவது. ஒரு கேள்வியைக்கூட நாங்கள் உம்மாவிடம் கேட்கவில்லை.

காதைப் பார்த்த டொக்டர், அதில் ஒன்றும் இல்லை என்றார். பேனையை வைத்துவிட்டு, "இனி அம்மாவிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

கேட்டோம். நாக்கின் வலது ஓரத்தில் மூன்று மாதமாக ஒரு புண்ணாம். உறைப்புப் பட்டால் எரியுமாம். வெற்றிலை நாளைக்கு ஏழெட்டு, புகையிலையோடு. இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறங்குவாராம்.

"ஏன் உம்மா சொல்லல்ல?"

"நீங்க ஏசுவீங்கண்டுதான் மகள்."

ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். எங்களுக்குத் தெரியவில்லை.

நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் போகின்றன. அதனால் நாக்கில் உள்ள நோய் காதில் வலிக்கலாம் என்று டொக்டர் விளக்கினார். புண்ணில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. நம் நாட்டு ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோயும் வாய்ப்புற்றுத்தான்.

வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்துப் பிள்ளை பதில் சொன்னால் உடனே நிறுத்துகிற ஆசிரியர்கள் நாங்கள். கிளினிக்கில் அதையே செய்துவிட்டு வந்தோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகுமுன் ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பக்கம், எத்தனை நாள், விழுங்க முடிகிறதா, மெலிந்திருக்கிறாரா, வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா, வெற்றிலை, சிகரட் எத்தனை வருடம். ஏசாமல் கேளுங்கள். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணோ, குரலடைப்போ, கழுத்துக் கட்டியோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

முடிவு அடுத்த கிழமை வரும். துஆச் செய்யுங்கள். உம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதினோம்.