பட்டுப்புழுவும் உமிழ்நீர் அமிலமும்

திருப்பூர் என்றவுடன் பனியனும் பருத்தி நூலுமே பலர்க்கும் நினைவில் எழும். அம்மாவட்டத்தின் தென்பாகமாகிய உடுமலைப்பேட்டை வட்டாரத்திலோ மல்பெரித் தோட்டங்களும் பட்டுப்புழுக் கொட்டகைகளும் மிகுதி. எங்கள் குடும்பமும் அத்தொழிலினாலேயே பிழைக்கின்றது.

பட்டு என்பது யாது? புழுவின் வாயருகே திறக்கும் ஓரிணைச் சுரப்பிகளினின்று வரும் நீர்மம் இழுபட்டு இறுகி இழையாகின்றது. அவை உமிழ்நீர்ச் சுரப்பிகளின் திரிபே என்பர் உயிர்நூலார். ஆதலின், பட்டுடுத்துவோர் புழுவின் உமிழ்நீரை உடுத்துகின்றனர் எனின் மிகையன்று.

உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயர் பெற்ற பொருளொன்று இரசாயனத்தில் உண்டு. அது சியாலிக அமிலம். சுவீடன் தேசத்துக் குன்னார் பிளிக்ஸ் 1936ஆம் ஆண்டில் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கோழையினின்று அதனைப் பிரித்தெடுத்தார். 1941இல் ஜெர்மானியராகிய எர்ன்ஸ்ட் கிளெங்க் மூளையினின்றும் அவ்வினப் பொருளைப் பெற்றார். உயிரணுக்களின் புறத்தேயுள்ள சருக்கரைச் சங்கிலிகளின் நுனியில் அமைவது இது. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் நட்சத்திர மீன் முதலியவற்றிற்குமே இஃது உரியது, பூச்சிகளுக்கு இல்லை என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர்.

1992இல் யுர்கன் ரோத் முதலியோர் பழ ஈயின் கருவில் இதனைக் கண்டனர். பூச்சிகளில் இதன் அளவு மிகச் சிறிது. ஆயினும், அதனை இணைக்கும் நொதி ஈயின் நரம்பு மண்டலத்திலேயே தொழிற்படுகின்றது என்பது பின்னர்ப் புலனாயிற்று. அந்நொதியற்ற ஈக்கள் வெப்பம் மிகுந்தால் முடங்கி வீழ்கின்றன. அவற்றின் ஆயுளும் குறுகுகின்றது. பட்டுப்புழுவிலும் அத்தகைய நொதி உண்டு.

இச்செய்தி என்னுள்ளத்தை உறுத்துகின்றது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவரின் நெடிய இழை அறுபடும். ஆதலின் கூட்டிலுள்ள உயிரை வெப்பத்தால் மாய்க்கின்றோம். ‘புழுதானே’ என்பது அதற்குக் கூறும் சமாதானம். ஓரமிலம் இருத்தலால் மட்டும் புழு நம்மைப்போல் நோவுணரும் என்று நிறுவ இயலாது. அங்ஙனம் கூறுவது விஞ்ஞானமாகாது. ஆனால், அதன் நரம்பிற்கும் நம் நரம்பிற்கும் யாதொரு தொடர்புமில்லை என்னும் கூற்று இனிச் செல்லாது. ஆண்டவன் ஈக்கும் மனிதனுக்கும் பகிர்ந்தளித்த பொருள்களுள் இதுவும் ஒன்று.

தொழிலைக் கைவிடுக என்று கூற எனக்கு வாயில்லை. என் கல்லூரிச் சம்பளம் அக்கூடுகளின் விலையே. எனினும், ஆமணக்கிலை தின்னும் எரிப்பட்டுப்புழுவின் கூடு ஒருபுறம் திறந்திருப்பது. பூச்சி பறந்த பின்னரும் அதனைப் பஞ்சுபோல் நூற்கலாம். பஞ்சு நூற்பது நம் நாட்டார்க்குப் புதிதோ? இதனைத் தந்தையாரிடம் கூறினேன். அவர் மறுக்கவில்லை, “வரவு செலவைக் கணக்கிட்டுக் கொண்டு வா, பார்ப்போம்” என்றார். அக்கணக்கையே இப்போது எழுதிக்கொண்டிருக்கின்றேன்.