ஒத்திகை நாள்

வேதாரண்யத்தை அடுத்த ஆற்காட்டுத்துறை. மீன் ஏலம் முடிந்து ஐஸ் வண்டிகள் போய்விட்டன. பிளாஸ்டிக் நாற்காலியில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் சப்-இன்ஸ்பெக்டர். மடியில் வாக்கி-டாக்கி இரைகிறது. 'ஓவர்' மட்டும்தான் தெளிவாகக் கேட்கிறது.

இன்று 'சாகர் கவாச்' ஒத்திகை. காவலர்களிலேயே சிலர் தீவிரவாதிகளாகக் கடல் வழியே வருவார்கள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்த வழக்கம். அன்று பத்துப் பேர் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்து, ரப்பர் படகுக்கு மாறி, மும்பை கஃப் பரேடு மீனவர் குடியிருப்பில் இறங்கினார்கள். நாட்டின் காவல் அத்தனையும் தாண்டி வந்தவர்களை, யார் நீங்கள் என்று கேட்டது கரையில் இருந்த மீனவர்கள்தான்.

சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி, பொத்தல் கட்டிக்கொண்டிருக்கிறார். தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம். தலை நிமிராமலே சொல்கிறார்:

"நம்ம ஊரு போட்டு இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து பைனாகுலரைத் தேடுகிறார்.

"வலை ஏத்தல சார். அணியம் தூக்கிக்கிட்டு வருது பாருங்க."

படகு நெருங்குகிறது. நான்கு பேர், லுங்கி, தலையில் துண்டு. வேடம் பழுதில்லை.

"ஷூ போட்டுக்கிட்டு எவன் சார் தொழிலுக்குப் போவான்?"

விசில் பறக்கிறது. முழங்கால் தண்ணீரிலேயே நால்வரையும் மடக்கிவிட்டார்கள். பையில் ஓர் அட்டைப்பெட்டி. மேலே 'வெடிகுண்டு' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிடிபட்டவர்களுக்கும் பிடித்தவர்களுக்கும் ஒரே கடையிலிருந்து டீ வருகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் படிவத்தை எடுக்கிறார்.

"பெரியவரே, உங்க பயோமெட்ரிக் கார்டு?"

"வூட்டுல இருக்கு சார். உப்புத் தண்ணி பட்டா வீணாப்போயிடும்னு பொட்டிக்குள்ள வச்சிருக்கேன்."

"கையோட வச்சிருக்கணும்ல? கடல்ல செக்கிங் வந்தா என்ன காட்டுவீங்க?"

பெரியவர் பேரனை வீட்டுக்கு அனுப்புகிறார். தகவல் தந்தவருக்கும் ஆதாரம் வேண்டும் போலிருக்கிறது.

"இனிமே கடல்ல சந்தேகமா ஏதாவது பார்த்தா 1093-க்கு அடிங்க. இலவசம்தான்."

"அடிக்கலாம் சார். கொஞ்சம் ஆழத்துக்குப் போயிட்டா டவர் எடுக்கலையே."

சப்-இன்ஸ்பெக்டர் படிவத்தின் அடுத்த கட்டத்தை நிரப்பத் தொடங்குகிறார்.