கழற்றியதும் மாட்டியதும்

2021ஆம் ஆண்டு ஆடி மாதம். சுந்தரபாண்டியத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பெங்களூரிலிருக்கும் ஒரு நிறுவனத்துக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு மார்ச்சில், பெருந்தொற்றுக்குப் பயந்து இரண்டு வாரத்துக்கென்று ஊர் வந்தவன், பதினாறு மாதங்களாகத் திரும்பிப் போகவில்லை. என் மேசைக்கு வலப்புறம் ஜன்னல். இடப்புறம் அப்பாவின் குழித்தறி. வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது நின்று இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. அப்பாவுக்குக் கண் ஒத்துழைக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் என் மடிக்கணினியின் டாக்கிங் ஸ்டேஷன் படுத்துவிட்டது. இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை நானும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கப்பல் வந்து கட்டி நிற்கும் துறையைப் போல மடிக்கணினி வந்து அமரும் பீடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், திரை, விசைப்பலகை, இணைய வடம் எல்லாம் பீடத்தோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். கணினியை மேலே வைத்து அழுத்தினால் அடியிலுள்ள ஒரே இணைப்பான் வழியாக அத்தனையும் கணினிக்கு வந்துவிடும். 1992இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட டுவோ டாக் இன்னும் ஒரு படி மேலே போய், வீடியோ கேசட்டை விழுங்குவதைப் போல மடிக்கணினியையே உள்ளே இழுத்துக்கொண்டது. என்னுடையது அவ்வளவு சாமர்த்தியமானதல்ல. சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் விலைக்கு வாங்கியது. வயது பத்துக்கு மேல்.

நோய் விசித்திரமாக இருந்தது. விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். வெளி வன்தட்டைச் செருகிய மறுகணம் அனைத்தும் அணைந்துபோகும். பசியில்லாதவரை நன்றாக இருந்து, வேலை கொடுத்ததும் மயங்கி விழும் மனிதனைப் போல. புதிது வாங்கலாமென்றால், அந்த மாதிரியான பீடம் விற்பனையிலிருந்து எப்போதோ போய்விட்டது. புது வகை வேண்டுமென்றால் கணினியையே மாற்ற வேண்டும். பிரித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது ஞாயிற்றுக்கிழமை காலை. திருகுகள் எங்கே என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரமானது. அவை ரப்பர்க் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. கால்களைப் பெயர்த்து, ஆறு திருகுகளையும் கழற்றிய பிறகும் மூடி வரவில்லை. ஓரங்களில் பிளாஸ்டிக் கொக்கிகள். காலாவதியான ஏடிஎம் அட்டையை இடுக்கில் செருகி மெல்ல நெம்பியபோது, ஒவ்வொரு கொக்கியும் எலும்பு முறிவதைப் போன்ற ஓசையுடன் விடுபட்டது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கழற்றிய திருகுகளை நான் ஒரு டம்ளரில் போட்டிருந்தேன்.

"எது எங்கெருந்து வந்துச்சுன்னு தெரியுமாய்யா?" என்றார்.

"எல்லாம் ஒண்ணுதாம்ப்பா."

அவர் டம்ளரைத் தரையில் கவிழ்த்தார். திருகுகளை விரலால் தடவித் தடவி இரண்டு வரிசையாகப் பிரித்தார். நான்கு நீளமானவை, இரண்டு குட்டையானவை. கண் தெரியாதவர் விரலால் கண்டதை, கண் தெரிந்த நான் காணவில்லை. குட்டைத் திருகுக்குரிய துளையில் நீளத் திருகைப் போட்டு முறுக்கினால் அது பலகையைக் குத்தித் தடங்களை அறுத்துவிடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"கழத்தும்போதே மாட்டுற நெனப்பு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார்.

ஒரு வெள்ளைத் தாளில் பீடத்தின் படத்தை வரைந்து, அந்தந்தத் திருகை அந்தந்த இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தேன். அதன் பிறகு வேலை நிதானப்பட்டது.

உள்ளே ஒரு பச்சைப் பலகை. தகராறு எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. மின்சாரம் நுழைகிற மூலையில் சிறு உருளைகளாக நாலைந்து மின்தேக்கிகள் நின்றன. அவற்றில் ஒன்றின் தலை மட்டும் உப்பியிருந்தது. மின்பகு திரவம் கொண்ட இந்த வகை மின்தேக்கிகளின் தலையில் வெட்டுக் கோடு இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளந்துகொள்ள ஏற்பாடு. 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட கணினிப் பலகைகளில், குறையுள்ள திரவத்தால் இப்படி உப்பிச் செத்தவை ஏராளம். என்னுடையது அந்தக் கொள்ளைநோயில் சிக்கியதல்ல, வெறும் மூப்பு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்காரர்களின் கணக்கு. எங்கள் ஊர் வெயிலில், காற்றுப் புகாத பெட்டிக்குள், அது இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததே பெரிது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும்போது 4.9. வன்தட்டைச் செருகியதும் 4.2க்கு இறங்கியது. மயக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் கிருஷ்ணன்கோவிலில் பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் சிறு கடை. பெரியவர் என் செத்த மின்தேக்கியின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து, 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று வாசித்தார். அவரிடம் 10 வோல்ட்டுக்கானதுதான் இருந்தது. வோல்ட் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது, 105 டிகிரி தாங்குவதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். "சின்னப் பெட்டின்னா உயரம் இடிக்கும் தம்பி, படுக்க வச்சிருங்க" என்ற அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தார். ஈயமும் அவரிடமே வாங்கினேன். பால்கோவா வாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் திரும்பிய நாட்கள் குறைவு, அன்று அவற்றிலொன்று.

பற்றவைப்பில்தான் என் அகந்தை அடங்கியது. ஒரு கால் உடனே இளகி வந்தது. தரைமின் பக்கத்துக் கால் அசையவேயில்லை. அந்தப் பக்கம் பலகைக்குள் விரிந்திருக்கும் செம்புத் தகடு என் 25 வாட் சூட்டுக்கோலின் சூட்டையெல்லாம் குடித்துவிட்டது. போதாததற்கு, 2006 ஜூலையில் ஐரோப்பியக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பிறகு இப்படிப்பட்ட சாதனங்களில் ஈயம் கலக்காத பற்றாசுதான். ஈயம் கலந்தது 190 டிகிரிக்குள் உருகிவிடும்; இதற்கு 217க்கு மேல் வேண்டும். கடைசியில், புதிய ஈயப் பற்றாசைப் பழையதன்மேல் உருக்கிக் கலந்தபோது அது இளகியது. துளையில் அடைத்துக்கொண்ட மிச்சத்தை எடுக்க, அடியிலிருந்து சூடு காட்டி, மேலிருந்து துடைப்பத்து ஈர்க்குச்சியைச் செருகினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பத்துக்கு இப்படியொரு யோகமா என்றார்.

புதிய மின்தேக்கியின் வெள்ளைக் கோடு எதிர்முனைப் பக்கம் வருகிறதா என்று மூன்று முறை சரிபார்த்து, பெரியவர் சொன்னபடி படுக்கவைத்துப் பற்றவைத்தேன். தாளைப் பார்த்துத் திருகுகளை முறுக்கினேன். மின்சாரம் கொடுத்தேன். விளக்கு எரியவில்லை.

அந்த இரவை விரிவாகச் சொல்ல வேண்டாம். மறுநாள் திரும்பப் பிரித்தபோது, விளக்குப் பலகைக்குப் போகும் நாடா போன்ற தட்டை வடம், பூட்டு மடல் மூடாமல் பாதி வெளியே நின்றது. நகத்தால் மடலைத் தூக்கி, வடத்தை நேராகச் செருகி, மடலை மூடினேன். விளக்கு எரிந்தது. வன்தட்டைச் செருகினேன். 4.9 அப்படியே நின்றது. திரைக்கான இரண்டு வாய்களில் ஒன்று மட்டும் அதன்பின் வேலை செய்யவில்லை. நான் எதையோ சூட்டில் கெடுத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் பீடமல்ல. அதே மாதத்தில் எங்கள் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. தறியைக் கழற்றிவிட்டு, குழியை மூடி, தளம் போட்டு, எனக்கு ஒரு முறையான வேலை அறை அமைப்பது. ஆரம்பித்தது நான்தான். இனி யார் நெய்யப்போகிறார்கள் என்று கேட்டதும் நான்தான். அப்பா பதில் சொன்னதில்லை.

தறியில் கடைசிப் பாவை நெய்து அறுத்தபோது, அச்சிலும் விழுதிலும் கோத்திருந்த இழை முனைகளை அவர் அப்படியே விட்டுவைத்திருந்தார். நெசவாளர்கள் எப்போதும் செய்வதுதான் அது. அடுத்த பாவு வந்ததும் அதன் இழைகளை இந்த முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிட்டால் போதும். முனைகளை உருவிவிட்டால், ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாகத் தூசி படிந்து நின்ற அந்த நூல் முனைகளை அம்மாவையும் பெருக்க விடாமல் அவர் காத்துவந்ததன் பொருள், பீடத்தைப் பிரித்து மாட்டிய அந்த வாரம்வரை எனக்கு உறைக்கவில்லை. தறி ஓய்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்கு அது பாவு வராமல் நிற்கிற தறி, அவ்வளவுதான்.

அறைப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். ஆவணியில் அவரே எடுத்தார். "மழைக்கு முந்திக் கழத்திருவோம்யா. ஒனக்கு எடம் வேணும்ல." வேண்டாமென்றேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் சாக்குக் கட்டியால் எண் போட்டார். நான் தாளில் படம் வரைந்து எண்களைக் குறித்துக்கொண்டேன். அச்சையும் விழுதையும் நூல் முனைகளோடு சேர்த்து ஒரு பழைய வேட்டியில் சுருட்டிக் கட்டினார். எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். குழியை மூடும்போது அவர் வீட்டில் இல்லை. வத்திராயிருப்புக்கு ஏதோ வேலையென்று போயிருந்தார்.

அந்தப் பீடம் இன்னும் அதே அறையில், ஒற்றைத் திரையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்ததாகச் செய்தி வந்தபோது அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிரித்துப் பார்க்கவும் உரிமை கேட்க வேண்டுமா என்று சிரித்தார்.

தறியின் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். பரணில் சாக்குக் கட்டி எண்கள் பாதி அழிந்துவிட்டன. தாளில் எல்லாம் தெளிவாக இருக்கின்றன, ஒன்றைத் தவிர. 23 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறேன், எந்த மரத்தையும் சுட்டாமல். ஊருக்கு வந்துபோகும் தங்கை, அதற்கென்ன இப்போது அவசரம் என்றாள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.