கரிசல் மண்ணில் ஒரு வீடு

வீடு கட்டுவதைப் பற்றி யோசனை சொல்லத் தெரியாதவர் இவ்வுலகில் ஒருவரும் இல்லை. மனை வாங்கிவிட்டோம் என்ற செய்தி வெளியே கசிந்த மறுநாளே, அதுவரை நம்மோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்கள்கூட வாசலுக்கு வந்து, அக்கினி மூலையையும் வாயு மூலையையும் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்கள். வாஸ்து சாஸ்திரத்தோடு நமக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் மூலைகளைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட கனவான்களில் ஒருவராவது, அந்த மூலைகளுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்று கேட்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

நாம் வசிப்பது கோவில்பட்டிப் பக்கம். கரிசல் பூமி. பருத்திக்கும் கம்புக்கும் இந்த மண் தாய், வீட்டுக்கோ மாற்றாந்தாய். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை பெய்தாலோ, தண்ணீரைக் குடித்து உப்பி மேலெழும்பும். ஆண்டுக்கு ஒரு முறை மூச்சு வாங்கி மூச்சு விடுகிற இந்த மண்ணில் மூன்றடி வாணம் தோண்டிக் கல்லைப் போட்டுச் சுவர் எழுப்பினால், சுவர் என்ன செய்யும்? ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காகப் பிளந்துகொள்ளும். சிமெண்டு வைத்து அடைத்து வர்ணம் பூசலாம். அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே பிளவு, பழைய கடன்காரனைப் போல் வந்து நிற்கும்.

ஆகவே கரிசல் சீமையில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதற்பணத்தை மண் பரிசோதனைக்குச் செலவிட வேண்டும் என்பது நம் திடமான அபிப்பிராயம். அதற்கு ஆகும் செலவு, கிருகப்பிரவேசச் சாப்பாட்டுச் செலவில் ஒரு சிறு பங்குகூட இராது. கரிசல் நாலைந்து அடியோடு நின்று அடியில் சரள் தட்டினால் கவலையில்லை. கரிசலை அகற்றிவிட்டுச் சரளின்மேல் கடைக்கால் போடலாம். ஆழமாகப் போனால், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் துளையிட்டு, அடியில் குமிழ்போல் அகட்டி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது. அடிக் குமிழ், தூணைப்போல் இரண்டரைப் பங்கு அகலம். மேல்மண் எப்படி உப்பினாலும் சுருங்கினாலும், கீழே அசையாத மண்ணில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். தூண்களின் தலைகளை இணைக்கும் உத்திரத்தின்மேல்தான் சுவர் நிற்கும். உத்திரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சிறிது வெற்றிடம் விடவேண்டும். இதை மறப்பவர்கள் அநேகர். நமக்கு இந்த இரண்டாவது முறைதான் வாய்த்தது. சேமநல நிதியில் எடுத்த முன்பணத்தில் பெரும்பகுதி, யார் கண்ணுக்கும் தெரியாமல் பூமிக்குள் போயிற்று. “இன்னும் ஒன்றையும் காணோமே!” என்று நம் தாயார் ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்ணைவிட ஆபத்தானது பத்திரம். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று பார்த்துவிட்டோம் என்று திருப்தியடைந்து விடுகிறார்கள். பதிவான விஷயங்கள் மாத்திரமே அதில் வரும். பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் ஒரு சகோதரிக்குள்ள உரிமை அதில் எங்கே வரப்போகிறது? இந்துக் குடும்பங்களில் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டமாகிவிட்டது. நமக்கு மனை விற்றவர், தம் சகோதரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கியபோதுதான் அந்த அம்மாள் பம்பாயில் இருப்பது தெரியவந்தது. அவர் கையெழுத்திடாமல் முன்பணம் தருவதில்லை என்று நாம் உட்கார்ந்துவிட்டோம். விற்றவர் முகத்தைச் சுளித்தார். வேறு ஆள் பார்ப்பதாகப் பயமுறுத்தினார். இரண்டு மாதம் தாமதம். முடிவில் அந்த அம்மாள் ரயிலேறி வந்து கையெழுத்திட்டு, தம் பங்கையும் கணக்காக எண்ணி வாங்கிக்கொண்டு போனார். பட்டா, புல வரைபடம், மனைப் பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நலம்.

ஒப்பந்தத்தை வாய்வார்த்தையில் வைத்துக்கொள்ளக் கூடாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் போதாது. சன்ஷேடும் படிக்கட்டும் அந்த அளவில் சேருமா, சாரமும் சென்ட்ரிங் பலகையும் யாருடையவை, தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கவேண்டும். சண்டைகள் பிறப்பது இந்தச் சில்லறை இனங்களில்தான். வேலை நடந்த அளவுக்கே பணம். முன்னால் ஓடக் கூடாது.

நமக்கு வாய்த்த மேஸ்திரி, ஒரு காலத்தில் நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். கணக்குப் பாடத்தில் அவன் வாங்கிய மார்க்குகளை இங்கே வெளியிடுவது நியாயமாகாது. இப்போதோ, ஓர் அறையை ஒரு தரம் பார்த்த மாத்திரத்தில் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு என்று நாம் பேனாவை எடுக்குமுன் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனோடு, மேல்தளம் போட்ட அன்று, தண்ணீர் விஷயமாக நமக்குத் தகராறு வந்தது.

“சார், இன்னும் ஒரு வாளி தண்ணி விட்டாத்தான் கலவை ஓடும். இல்லேன்னா ஆளுங்க கை ஓய்ஞ்சு போகும்” என்றான்.

“தம்பி, ஐம்பது கிலோ மூட்டைக்கு இருபத்தைந்து, மிஞ்சினால் இருபத்தேழு லிட்டர். அதற்குமேல் விட்டால் கான்கிரீட்டில் பலம் இராது” என்றோம். அதிகத் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களாக நிற்கும். அவற்றின் வழியாக ஈரம் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். இந்த விளக்கத்தை அவன் பொறுமையோடு கேட்டான். பிறகு, “அப்போ வைப்ரேட்டர் ரெண்டா வேணும் சார். ஒண்ணு நின்னுபோனா இந்தக் கலவையைக் குத்தி இறக்க முடியாது” என்றான். நியாயமான பேச்சு. உடனே வாடகைக்கு மற்றொன்று வந்தது. அளவு வாளி ஒன்றில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கலவை இயந்திரத்தருகில் வைத்தோம். மாலை நான்கு மணிக்கு முதல் வைப்ரேட்டர் நின்றுபோயிற்று, வேலை நிற்கவில்லை.

கம்பிக்கு அடியில் முக்கால் அங்குலக் கவர் பிளாக் வைத்திருக்கிறதா என்று கான்கிரீட் கொட்டுமுன் குனிந்து பார்க்கவேண்டும். கொட்டியபின் பார்த்துப் பிரயோஜனமில்லை. மறுநாள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்டு. வெயில் காலத்தில் அதற்குப் பதினான்கு நாள் ஈரம் தேவை. முட்டுகளை ஏழு நாளில் பிரிக்கலாம் என்பது பதினைந்து அடிக்கு உட்பட்ட அகலத்துக்குத்தான். மேற்பட்டால் அதற்கும் பதினான்கு நாள். சென்ட்ரிங்காரர் தம் பலகைகளுக்காக அவசரப்படுவார். அது அவர் பிழைப்பு. நாம் அசைந்து கொடுக்கக் கூடாது.

வீட்டுக்குள் அமையும் வசதிகளில், அதைப் பயன்படுத்தப் போகிறவருடைய சொல்லே செல்லவேண்டும். சமையல் மேடையின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுக்காமல், நம் இல்லத்தரசியை நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே கோடு கிழித்தோம். தாயாருக்காக ஒரு குளியலறைக்கு வாசற்படியே வைக்கவில்லை.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கினார்கள். ஆனால் கரிசலில் சுவரை ஒட்டிக் குழி தோண்டி நீரை இறக்குவது, நாமே மண்ணை உப்பச் செய்வதாகும். கூரை நீரைத் தொட்டியில் சேர்த்து, மிகுந்ததை வீட்டுக்கு எட்டத்தில் விடவேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர். எங்கள் ஊரில் அது அற்பமன்று. சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான தளமும் போட்டுவிட்டோம்.

பூச்சு வேலைக்கு முன்பாகச் சுவர்களுக்குள் ஓடும் குழாய்களையும் மின்கம்பிக் குழல்களையும் அறை அறையாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டோம். ஆணி அடிக்கும்போதெல்லாம் அவை உதவுகின்றன.

கூலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். கார்த்திகையில் மேஸ்திரி வந்தான். பணத்தைப் பற்றி வாய் திறக்காமல் முதலில் ஒவ்வொரு ஜன்னல் மூலையையும் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தான். இறங்கி வந்து, காபியை வாங்கிக்கொண்டு, “கணக்கு முடிச்சிரலாமா சார்?” என்றான். எண்ணிக் கொடுத்தோம்.