ஸ்டெப்னி

கும்பகோணத்தில் டூரிஸ்ட் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். நவக்கிரகக் கோயில் சவாரிதான் அதிகம். என் டிரைவர் லீவு போட்டால் ஆக்டிங் டிரைவராக ஒரு பையன் வருவான். ஆறு வருஷம் வந்தான். அவனுக்கு நான் துரோகம் செய்தேன்.

சாவியை வாங்கியதும் அவன் குனிந்து பார்ப்பது ஸ்டெப்னியைத்தான். ஒருநாள் அதன் பக்கவாட்டு மண்ணை நகத்தால் சுரண்டி 1214 என்ற எண்ணைக் காட்டினான். 2014-இல் 12-வது வாரம் செய்த டயர். “ஓடாம கெடந்தாலும் ரப்பருக்கு வயசாகும்ணே. பாருங்க, வெடிப்பு விட்டிருக்கு.” தேய்ந்த டயரைத்தான் நான் ஸ்டெப்னியாகப் போடுவேன். நல்லதைச் சும்மா தொங்கவிட மனசு வராது.

ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஒரு தெரு. 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். ஆரக்கால் இல்லாத வளையம்; பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டி ஓட்டலாம். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. நம் ஊரில் அது மனுஷர் மேலும் ஏறியது. சின்னவீட்டுப் பெண்ணை அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் நானும் சொன்னேன்.

“அடுத்த டிரைவர் நீதான்டா” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பழைய டிரைவர் திருப்பூருக்குப் போனபோது புது ஆளைச் சேர்த்தேன். இவனைச் சேர்த்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வர வேறு யார் இருக்கிறார்கள்? தன் மகள் காதுகுத்தன்று பந்தியில் பாதியில் எழுந்து திருநள்ளாறு சவாரிக்கு வந்தவன். அவ்வளவு நல்லவன் என்பதாலேயே அவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

பிறகும் கூப்பிட்டேன், வந்தான். ஒரு சாயங்காலம் பின்சக்கரத்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். நான் வேனின் மறுபக்கம் நின்று போனில் ஒரு டிராவல்ஸ்காரரிடம், “கவலைப்படாதீங்க, நம்மகிட்ட ஒரு ஸ்டெப்னி கெடக்கான், அனுப்புறேன்” என்றேன். ஸ்பேனர் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. கையைத் துடைத்தபடி வந்து, “எத்தனை மணிக்குண்ணே வண்டி?” என்றான். முகத்தைப் பார்க்காமல் நேரத்தைச் சொன்னேன்.

அந்தச் சவாரியை முடித்துச் சாவியைக் கொடுத்துப் போனவன் அப்புறம் வரவில்லை. ஸ்பேனர் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது என்று அவனிடம் இன்னும் நான் சொல்லவில்லை.