மலையடிவாரத்தில் ஒரு வீடு

டல்லாஸை விட்டுக் கிளம்பலாம் என்று முடிவானதும் தெரிந்தவர்கள் எல்லாரும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எவ்வளவு, பக்கத்தில் இந்தியக் கடை இருக்கிறதா. என் பட்டியலில் முதல் கேள்வி வேறு: வீட்டு வாசலிலிருந்து ஸ்கீ லிஃப்ட் வரை எத்தனை நிமிடம்?

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பனியில சறுக்கி வெளையாடதுக்கா ஒரு ஊருக்குக் குடி போவாவ? கிறுக்குட்டி ஒனக்கு" என்றாள். சொல்வது தென்காசிக்காரி. ஜூன் பிறந்துவிட்டால் காலையில் மொட்டை மாடியில் நின்று, மேற்கே மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறவள். சாரல் நாலு நாள் தள்ளிப்போனால் சொந்தக்காரர் சொல்லாமல் கிளம்பிப் போனது போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். மலை இன்றைக்கு என்ன செய்கிறது என்று பார்த்து நாளைத் தொடங்கும் பழக்கம் எனக்கு அவளிடமிருந்து வந்தது. டல்லாஸில் எட்டு வருடம், பார்ப்பதற்கு ஒரு மேடுகூட இல்லை.

ஸ்கீ கற்றுக்கொண்டது இருபத்தொன்பது வயதில், நியூ மெக்சிகோவில். டல்லாஸ்காரர்கள் பத்து மணி நேரம் வண்டி ஓட்டி அங்கே போவார்கள். முதல் நாள் விழுவதைவிட எழுவதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரே ஒரு திருப்பம் சரியாக வந்தது. உடம்பின் கனம் முழுக்கப் பலகையின் ஓரத்தில் இறங்க, பலகை தானாக வளைந்து போனது. அதன்பிறகு வருடத்துக்கு நாலு நாள் போதவில்லை. கணவருக்கு இதில் ஆர்வம் கிடையாது, அடிவாரத்தில் காபியோடு உட்கார்ந்துவிடுவார். "நம்ம வேலை எங்கேருந்து வேணா பாக்கலாம். பாப்பாவுக்கு ஒத்துக்கிட்டாப் போதும்" என்றார். மகளுக்கு ஆறு வயது. வீசிங் உண்டு.

டென்வர் சீக்கிரமே பட்டியலில் கீழே போய்விட்டது. ஊருக்குள்ளிருந்தே மலை தெரியும்தான், ஆனால் போய்ச் சேர வேண்டுமே. எல்லாரும் ஐ-70 என்ற ஒரே நெடுஞ்சாலையில் ஏறி, முக்கால்வாசி இடங்களுக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலிருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்ட வேண்டும். ஒன்றரை மணி நேரப் பாதை சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரமாகும். பொங்கலுக்குச் சென்னையை விட்டுக் கிளம்பிப் பெருங்களத்தூரில் நிற்பது போல, வாராவாரம்.

சால்ட் லேக் சிட்டி வேறு கணக்கு. ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கிறது. கிழக்கு விளிம்பில் வாசாட்ச் மலை சுவர் போல 3,400 மீட்டர் வரை எழுகிறது. பசிபிக்கிலிருந்து பாலைவனம் தாண்டி வரும் மேகம் அந்தச் சுவரில் மோதி, மேலேறி, குளிர்ந்து, கொட்டுகிறது. குற்றாலத்துக்கு மேலே நடக்கும் அதே வேலைதான், மழைக்குப் பதில் பனி. ஆல்டாவில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் விழும். 2022-23இல் 22 மீட்டரைத் தாண்டியது. ஈரம் குறைவு, ஊதினால் பறக்கும். உப்பு ஏரியால்தான் இந்தப் பனி என்று ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். ஏரியின் பங்கு சிறியது, பாடுபடுவது மலை. ஊர் நடுவிலிருந்து முக்கால் மணி நேரம், பஸ்கூட உண்டு. பனிச்சரிவு அபாயம் இருந்தால் மலைச்சாலையை மூடிவிடுவார்கள், அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவது போல. அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் ஐந்து நாள் போய்ப் பார்த்தோம். இரண்டு நாள் பனிப்புயல். மூன்றாம் நாள் வானம் வெளுத்துக் காற்று நின்றது. ஐந்தாம் நாள் காலை ஓட்டல் ஜன்னலில் மலையைக் காணோம்.

இன்வெர்ஷன் என்கிறார்கள். கிழக்கே வாசாட்ச், மேற்கே ஓக்கர் மலை, நடுவில் ஊர் ஒரு சட்டி. புயல் போனபின் பனி மூடிய தரை இரவில் சில்லிட, கனத்த குளிர்காற்று சட்டிக்குள் தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்காரும். வண்டிகளும் வீட்டு ஹீட்டர்களும் ஆலைகளும் விடும் புகை போக வழியில்லாமல் நாளுக்கு நாள் கெட்டியாகும். ரொம்ப ஏறிவிட்டால் பள்ளியில் இடைவேளைக்குக் குழந்தைகளை வெளியே விடமாட்டார்கள். அடுத்த புயல் வந்துதான் மூடியைத் திறக்க வேண்டும். பனியைக் கொட்ட வைக்கும் அதே மலைதான் புகையையும் பிடித்து வைக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அன்று நான் மட்டும் ஆல்டாவுக்குப் போனேன். பாதி வழியில் சாம்பல் விலகி நீல வானமும் வெயிலும் வந்தன. மேலேயிருந்து பார்த்தால் ஊர் இருந்த இடத்தில் அழுக்குப் பஞ்சு. அதற்கடியில் ஓட்டல் அறையில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. நல்ல காற்றுக்காக மலையேறிய வண்டிகள் எல்லாம் வழிநெடுகக் கீழே புகைவிட்டுத்தான் வந்திருந்தன. என்னுடையதும்தான்.

வீடு தேடியபோது இன்னொன்று புரிந்தது. சட்டியின் அடி மேற்குப் பக்கம். நெடுஞ்சாலையும் ஆலைகளும் அங்கே, குறைந்த வாடகையும் அங்கே. கிழக்கே மேட்டில் ஏற ஏறக் காற்று கொஞ்சம் தெளியும், வாடகை நிறைய ஏறும். மூச்சுக்கும் விலைப்பட்டியல் வைத்திருக்கிற ஊர் என்று கணவர் சொன்னார். பனியைப் பாடும் சுற்றுலாக் கையேடுகளில் இது ஒரு வரிகூட இல்லை. ஏரி வேறு வற்றி வருகிறது. 2022இல் அதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. வெளியே தெரியும் தரையில் ஆர்செனிக் இருக்கிறது, காற்றடித்தால் தூசி ஊருக்குள் வரும்.

டாக்டர் போகாதே என்று சொல்லவில்லை. மோசமான நாட்களில் ஓடவிடாதீர்கள், வீட்டில் காற்று வடிகட்டி வையுங்கள், குளிர்காலம் முழுக்க மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார். "நீயே சொல்லு" என்றார் கணவர். நான் போவோம் என்றேன். ஒரு வருடத்துக்கு மட்டும், கிழக்கு மேட்டில், எங்கள் சக்திக்கு மீறிய வாடகையில்.

ஆகஸ்டில் குடிவந்தோம். சாம்பல் படிந்த சனிக்கிழமைகளில் மூன்று பேரும் பஸ் பிடித்து மேலே போகிறோம். மகள் பலகையை ஆப்பு வடிவில் வைத்து நிற்கக் கற்றுக்கொண்டாள். திரும்பத்தான் இன்னும் வரவில்லை. மேலே இருமல் குறைவு.

வாடகை ஒப்பந்தம் ஜூலை வரை. பிப்ரவரி கடைசியில் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். நான் மலையில் இருந்த நாட்கள், அவள் மூச்சிரைப்பால் பள்ளிக்குப் போகாத நாட்கள். இன்று ஜனவரி 20. இதுவரை பதினொன்று, நாலு.