தள்ளுபடியின்மேல் தள்ளுபடி

முப்பதும் பத்தும் நாற்பதுதான். ஆனால் கடைக் கணக்கில் அப்படி ஆவதில்லை. நூறு ரூபாய்ச் சாமானில் 30 சதவிகிதம் கழிந்தால் எழுபது. அடுத்த பத்து சதவிகிதம் அந்த எழுபதில்தான் கழியும், மீதி அறுபத்துமூன்று. ஆகவே லாபம் 37 ரூபாய். எதை முன்னால் கழித்தாலும் விடை இதுவே. பாரூர்ப் பிள்ளைகளுக்கு நான் வருஷந்தோறும் போதிக்கும் இந்தக் கணக்கு, இவ்வருஷம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தாய்மாமன் சீராகப் பட்டுப்புடவை எடுத்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரன் பதினோராயிரம் ரூபாய்க்கு ஒரே நாளில் எங்கே போவான்?

என் மனைவி வழி சொன்னாள். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் என்னும் நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனத்தில் மாதச் சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டு. நாம் தவணைகளைக் கட்டி வந்தால் முடிவில் ஸ்தாபனமும் தன் பங்கைச் சேர்க்கும். தீபாவளிச் சமயத்தில் 30 சதவிகிதத் தள்ளுபடியும் கிடைக்கும். தவணைகளின் எண்ணிக்கை அவ்வப்போது மாறுவதுண்டு. நாம் மாதம் 700 ரூபாய் வீதம் பத்துத் தவணை கட்ட, பதினோராவது தவணை ஸ்தாபனத்தினுடையது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 7,700. தள்ளுபடி போக அந்தத் தொகைக்கு 11,000 ரூபாய்ப் புடவை வரும். நம் கையிலிருந்து போவது ஏழாயிரமே!

எல்லாச் சலுகையும் இப்படி அல்ல. ஓசூரில் ஒரு கடையில், மூவாயிரத்துக்கு வாங்கினால் முந்நூறு ரூபாய்ச் சீட்டு. பத்து சதவிகிதம் என்று நண்பர் பூரித்துப்போனார். அச்சீட்டு செல்லுபடியாக மறுபடி 1,500 ரூபாய்க்கு வாங்க வேண்டுமாம்! 4,500 ரூபாய்ச் சாமானில் முந்நூறு குறைந்தால் ஏழு சதவிகிதங்கூட இல்லையே. அந்த இரண்டாவது சாமான் வேண்டாததாயிருந்தால், லாபம் ஏது? நஷ்டந்தான்.

கைத்தறித் திட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: கட்டிய பணத்துக்குத் துணிதான் வரும். துணி தேவையுள்ளவருக்கே அது சேமிப்பு. ஆனால் நம் மிச்சத்தோடு நெசவாளி வீட்டுத் தறியும் ஓடுகிறதென்றால், அதைவிட நல்ல வியாபாரம் எது?

"மிச்சமாகும் நாலாயிரத்துக்கு இன்னொரு புடவை எடுக்கலாமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பெட்டியில் இருந்தால்தான் அது மிச்சம், செலவழித்துவிட்டால் வெறுங்கணக்கு" என்றாள்.

சதவிகிதப் பாடத்தில் இந்தச் சூத்திரத்தையும் சேர்த்துவிட்டேன்.